பழைய மனுஷனைக் களைவது எப்படி? பாதியில் நின்றுபோகாத ஒரு வழி

ஜெபக் கூட்டத்தில் தன்னைத் தேவனுக்குக் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தவர் மூன்றாவது வாரம் வீட்டில் அதே கோபத்தோடு அதே வார்த்தையைச் சொல்லிக் கத்துகிறார். அன்றைக்கு விட்ட கண்ணீர் பொய் இல்லை. பழையதைக் கழற்றிப் போட்டார், அந்த இடத்தில் எதையும் உடுத்தவில்லை. எத்தனை நாள் அப்படியே நிற்க முடியும்? கைக்கு எட்டுகிற பழைய சட்டையே திரும்ப மேலேறிக்கொள்ளும்.

மத்தேயு 12:43-45இல் இயேசு இதைத்தான் சொல்கிறார். அசுத்த ஆவி புறப்பட்டுப்போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் வெறுமையாயிருக்கிறது. போன ஆவி தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. பெருக்கியதில் குறை இல்லை. காலியாக விட்டதில்தான் குறை.

எபேசியர் 4:22-24இல் பவுல் மூன்று வினைகளை வைக்கிறார்: பழைய மனுஷனை, அதாவது பாவத்துக்குப் பழகிய முந்தைய சுபாவத்தை, களைந்துபோடுதல், உள்ளத்திலே புதிதாகுதல், புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளுதல். கிரேக்க மூலத்தில் களைவதற்கும் தரிப்பதற்கும் ஒரே மூச்சில் நடந்து முடிகிற செயலைக் காட்டும் வினைவடிவம் வருகிறது. நடுவில் இருக்கும் ‘புதிதாகுதல்’ மட்டும் நடந்துகொண்டே இருக்கிற செயலின் வடிவம். தீர்மானத்தை ஒரே நாளில் எடுத்துவிடலாம், உள்ளம் புதிதாகும் வேலை தினமும் இருக்கிறது. ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து, இந்த மூன்றையும் அதன்மேல் செய்துபார்ப்பதுதான் இங்கே சொல்லப்போகிற முறை.

தொடங்குவதற்கு முன்

எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் மூன்று அதிகாரங்கள் தேவன் நமக்குச் செய்ததைப் பேசுகின்றன. நம் நடக்கையைப் பற்றிய கட்டளைகள் நான்காம் அதிகாரத்தில்தான் தொடங்குகின்றன. இந்த வரிசையைப் புரட்டிவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். ‘நான் திருந்தினால் தேவன் ஏற்றுக்கொள்வார்’ என்று தொடங்குகிறவர் முதல் வீழ்ச்சியிலேயே நொறுங்கிப்போவார். ‘ஏற்றுக்கொண்டார், அதனால் திருந்துகிறேன்’ என்கிறவருக்கு விழுந்த இடத்திலும் காலுக்குக் கீழே தரை இருக்கும்.

ரோமர் 6:6 பழைய மனுஷன் கிறிஸ்துவோடேகூடச் சிலுவையில் அறையப்பட்டான் என்று நடந்து முடிந்த காரியமாகச் சொல்கிறது. 11ஆம் வசனம் உங்களைப் பாவத்திற்கு மரித்தவர்களாக ‘எண்ணிக்கொள்ளுங்கள்’ என்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் கணக்கில் பதிவதற்கும் வழங்கிய சொல். உணர்வு வருகிறதா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நடந்ததைக் கணக்கில் ஏற்றுங்கள்.

ஆதிச் சபைகள் இதைக் கண்ணால் காணும்படி செய்துகாட்டின. 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் சபையில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் உடுத்தியிருந்ததைக் களைந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அதுவே பழைய மனுஷனைக் களைவதன் சாயல் என்று அவர்களுக்குப் போதிக்கப்பட்டது. கரையேறியவர்கள் வெள்ளை உடை தரித்தார்கள். கழற்றிய கையோடு உடுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

முக்கால் மணி நேரம் தனியாக உட்காருங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, வேதாகமம் போதும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். சங்கீதம் 139:23-24ஐ ஜெபமாகச் சொல்லிவிட்டு, கொலோசெயர் 3:5-14ஐயும் எபேசியர் 4:25-32ஐயும் மெதுவாக வாசியுங்கள். எந்தச் சொல்லில் மனம் குத்துகிறதோ அதை எழுதி வையுங்கள். எட்டுப் பத்து வரலாம். எல்லாவற்றையும் நாளைக்கே விட்டுவிடலாம் என்று தோன்றும். அந்த வேகத்துக்கு இடங்கொடுக்காதீர்கள். பத்தை ஒரே நேரத்தில் பிடிப்பவர் பத்து நாளில் பத்தையும் கைவிடுவதுதான் வழக்கம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்களை அதிகம் வெட்கப்படுத்துவதை அல்ல, உங்களோடு இருக்கிறவர்களை அதிகம் வருத்துவதை எடுங்கள். தெரியவில்லை என்றால் வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள்: “என்கிட்ட ஒண்ணு மாறணும்னா எது மாறணும்?” பதில் வந்ததும் வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அடுத்த முறை உண்மை வராது.

எழுதும்போது பெயர்ச்சொல்லாக எழுதாமல் செயலாக எழுதுங்கள். ‘பெருமை’ என்று எழுதினால் அதோடு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. ‘மற்றவர் பேசும்போது குறுக்கிட்டு என் கதையை நுழைக்கிறேன்’ என்று எழுதினால் நாளைக்குக் காலையிலேயே அதைப் பார்க்கலாம், எண்ணலாம், நிறுத்தலாம்.

பின்னோக்கி நடந்து பாருங்கள்

மாலையில் பிள்ளையிடம் கத்துவது உங்கள் பழக்கம் என்று வைத்துக்கொள்வோம். கத்திய நொடியிலிருந்து பின்னால் போங்கள். கத்துவதற்கு முன் பிள்ளையை மூன்று முறை கூப்பிட்டீர்கள். மூன்று முறையும் செல்போனைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கூப்பிட்டீர்கள். அதற்கு முன் வேலையிடத்திலிருந்து வந்த ஒரு செய்தியை வாசித்தீர்கள், மனதுக்குள் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தீர்கள். அதற்கும் முன், மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான்காம் முறை கூப்பிடும்போது தாடை இறுகியது, குரல் ஒரு படி ஏறியது, ‘உன்னால எப்பவுமே’ என்று வாக்கியம் தொடங்கியது.

அந்தத் தாடை இறுகும் நொடியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கத்தும்போது நிறுத்த யாராலும் முடிவதில்லை, செய்தியைத் திறக்காமல் இருக்க முடியும். யாக்கோபு 1:14-15 இந்தச் சங்கிலியைத்தான் சொல்கிறது: இச்சை இழுக்கிறது, கர்ப்பந்தரிக்கிறது, பாவத்தைப் பிறப்பிக்கிறது, பாவம் பூரணமாகும்போது மரணத்தைப் பிறப்பிக்கிறது. எத்தனை கண்ணி பின்னால் போய் அறுக்கிறோமோ அத்தனைக்கு அறுப்பது எளிது. நடந்த மூன்று சம்பவங்களை இப்படி எழுதிப் பாருங்கள். மூன்றிலும் திரும்ப வருகிற இடம், நேரம், ஆள், களைப்பு எது என்று தெரிந்துவிடும்.

அறிக்கை, மன்னிப்பு, ஈடு

தேவனிடம் அறிக்கையிடும்போது ‘நான் பாவி’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கொள்ளாதீர்கள். என்ன செய்தேன், யாருக்கு, எத்தனை தடவை, அதனால் அவருக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள். கத்தோலிக்க ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சாவான பாவங்களை, அதாவது மிகக் கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்லக் கேட்பது இதனால்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பாவம் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போகிறது. முடித்ததும் 1 யோவான் 1:9ஐச் சத்தமாக வாசித்து அங்கே நிறுத்துங்கள். மன்னிக்கப்பட்டதை மறுபடி மறுபடி தோண்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது தாழ்மைபோலத் தோன்றும், உண்மையில் அது வாக்குத்தத்தத்தை நம்ப மறுப்பது.

மனுஷரிடம் மன்னிப்புக் கேட்க நான்கு வாக்கியம் போதும். “நேத்து ராத்திரி எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினேன். அது தப்பு. உனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு இப்ப புரியுது. என்னை மன்னிப்பியா?” இதில் ‘ஆனா’ என்ற சொல் வந்தால் மன்னிப்பு முடிந்தது, வாதம் தொடங்கியது. ‘உனக்குக் கஷ்டமாயிருந்தா மன்னிச்சுடு’ என்பதும் ஆகாது. அது அவருடைய மனக்கஷ்டத்தைக் குற்றமாக்குகிறது. உடனே மன்னிக்கும்படி நெருக்காதீர்கள், அவருக்கு நாள் வேண்டியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் மனப்பாரத்தை இறக்குவதற்காக, ஒன்றும் அறியாத ஒருவரிடம் போய் ‘உங்கள்மேல் பல வருஷமாகப் பொறாமையாக இருந்தேன்’ என்று சொல்வது பாரத்தை அவர் தலையில் ஏற்றுவதாகும். மனதில் செய்ததை தேவனிடம் அறிக்கையிடுங்கள். வெளியே செய்ததை, அது போய்ச் சேர்ந்த எல்லைவரை அறிக்கையிடுங்கள். தாம்பத்திய துரோகம் போன்ற கனமான காரியமானால், பேசுவதற்கு முன் ஒரு முதிர்ந்த போதகரின் அல்லது ஆலோசகரின் துணையோடு எப்போது, எப்படி என்று முடிவுசெய்யுங்கள்.

பணமோ பொருளோ பெயரோ எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கவேண்டும். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. ஆயக்காரனாகிய சகேயு அதையும் தாண்டி நாலத்தனையாய், நான்கு மடங்காய், என்றான். கெடுத்த பெயரையும் கெடுத்த இடத்திலேயே திருத்தவேண்டும்: ஐந்து பேர் முன்னால் சொன்ன பொய்யை அந்த ஐந்து பேரிடமும் போய்ப் பொய் என்று சொல்லுங்கள். இந்தப் படியை எல்லாரும் தாண்டிப்போகப் பார்ப்பார்கள். தாண்டிப்போனவர்களின் மனந்திரும்புதல் காற்றில் நிற்கிறது.

வாசலை அடைத்துவிடுங்கள்

ரோமர் 13:14 கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளச் சொல்லும் அதே வசனத்தில், துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருக்கவும் சொல்கிறது. கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் பிற்காலத்தில் பெரிய சபைப் போதகரான அகுஸ்தீனின் வாழ்க்கையைத் திருப்பிய வசனம் இதுதான். இடம் வைக்காதே என்பதே அதன் பொருள். எபேசுவில் மாயவித்தைக்காரர் தங்கள் புஸ்தகங்களை எல்லார் முன்பாகவும் எரித்தார்கள், அவற்றின் கிரயம் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19:19 சொல்கிறது. அவற்றை விற்றிருக்கலாம். பரணில் போட்டு வைத்திருக்கலாம். எரித்தார்கள்.

உங்கள் வாசல் எது? ஒரு தொலைபேசி எண்ணா, ஒரு செயலியா, ஒரு நண்பர் குழுவா, நாளில் ஒரு குறிப்பிட்ட நேரமா? அதை இன்றைக்கே அடைத்துவிடுங்கள். இரவில் தனியாக செல்போனோடு இருப்பதுதான் சோதனை என்றால் அது படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், எழுப்புவதற்குத் தனிக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று மனம் ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும். அந்த ஜன்னல் வழியாகத்தான் திரும்ப வரும்.

எடுத்த இடத்திலேயே வையுங்கள்

இந்த முறையின் உயிர் இங்கே இருக்கிறது. எபேசியர் 4:25 முதல் வாசித்துப் பாருங்கள். பவுல் எங்கும் ‘விடு’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. பொய்யைக் களைந்து மெய்யைப் பேசு, நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறோமே என்கிறார். திருடுகிறவன் திருடாமல் இருந்தால் மட்டும் போதாது: தன் கைகளால் உழைத்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கவேண்டும். எடுத்த அதே கை கொடுக்கிற கையாகிறது. விடுவது ஒன்று, அதன் இடத்தில் வைப்பது ஒன்று, ஏன் என்பது ஒன்று. உங்கள் நோட்டிலும் இந்த மூன்றையும் எழுதுங்கள்.

வைப்பது மூன்று விதத்தில் பொருந்தவேண்டும். விட்டதற்கு நேர் எதிரானதாக இருக்கவேண்டும். அதே உறுப்பால் செய்வதாக இருக்கவேண்டும். அதே நேரத்தில் நடப்பதாக இருக்கவேண்டும். நாவின் பாவத்துக்குக் காலையில் கூடுதலாக ஒரு அதிகாரம் வாசிப்பது நல்லதுதான், ஆனால் மாலை ஆறு மணிக்கு நாவுக்குப் புதிதாகச் செய்ய அப்போதும் ஒன்றும் இருக்காது.

புறங்கூறுகிறவர், ஒருவருடைய பெயர் பேச்சில் வந்ததும் அவரைப் பற்றி உண்மையான ஒரு நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிடட்டும். அதன்பின் குறை சொல்ல நாவு எளிதில் எழும்பாது. பொய் பழகியவர், சொன்ன பொய்யை அதே நாளில் திருத்திச் சொல்லும் விதியை வைத்துக்கொள்ளட்டும்: “காலையில கிளம்பிட்டேன்னு சொன்னேன், அப்ப கிளம்பல.” மூன்று தடவை இப்படித் திருத்தும் கூச்சத்தை அனுபவித்தவருக்கு நான்காம் பொய் தொண்டையிலேயே நிற்கும். பிள்ளையிடம் கத்துகிறவர் கூப்பிடுவதற்கு முன் எழுந்து பிள்ளையிருக்கும் இடத்துக்குப் போய், தோளில் கை வைத்து, பெயர் சொல்லி ஒரு தடவை பேசட்டும். அத்தனை கிட்டே நின்று கத்துவது கடினம்.

கசப்புதான் இவை எல்லாவற்றிலும் பிடிவாதமானது. ‘மன்னித்துவிட்டேன்’ என்று சொன்ன மறுநாளே திரும்ப வந்து நிற்கும். லூக்கா 6:28 நிந்திக்கிறவர்களுக்காக ஜெபம்பண்ணச் சொல்கிறது. அவர் பெயரைச் சொல்லி, உங்களுக்கு நீங்கள் விரும்பும் ஒரு நன்மையை அவருக்குக் கேளுங்கள். முதல் வாரம் வார்த்தை மரக்கட்டைபோல வரும், பரவாயில்லை, சொல்லுங்கள். நினைவு வரும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வாக்கியம். ஆனால் மன்னிப்பது என்பது அடிக்கிறவர் வீட்டுக்குத் திரும்பிப் போவதோ, பிள்ளைகளைத் துன்புறுத்தியவரை மறைப்பதோ ஆகாது. பாதுகாப்பான தூரத்தில் இருந்துகொண்டே மன்னிக்கலாம், சட்டத்திடம் போகவேண்டியதற்குச் சட்டத்திடம்தான் போகவேண்டும்.

ஒவ்வொரு நாளும்

காலையில் பத்து நிமிடம். ரோமர் 6:13 அவயவங்களை நீதிக்குரிய ஆயுதங்களாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. கண், செவி, நாவு, கை, கால் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். பிறகு இன்றைக்கு அந்தச் சோதனை எங்கே, எத்தனை மணிக்கு வரக்கூடும் என்று முன்கூட்டிப் பாருங்கள். அங்கே என்ன செய்வீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பரிசுத்த ஆவியானவரிடம் அந்த மணிக்கான பெலனைக் கேளுங்கள். நாள் முழுவதற்கும் பொதுவாகக் கேட்பதைவிட, ஆறு மணிக்காகக் கேட்ட ஜெபம் ஆறு மணிக்கு நினைவுக்கு வரும்.

கணக்கு வைக்க, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்ன வழி இன்றும் உதவுகிறது. 1548இல் அச்சான அவருடைய ஆன்மப் பயிற்சிகளில், ஒரே ஒரு குறையை மட்டும் கவனிக்கும் தனி ஆய்வு இருக்கிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் நாளுக்கு இரண்டு கோடு வரையுங்கள். பகல் உணவுக்குப்பின் மணி மணியாக நினைத்துப் பார்த்து, விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி என்று முதல் கோட்டில் இடுங்கள். இரவு உணவுக்குப்பின் இரண்டாம் கோட்டில் அதேபோல. விழுந்த அந்த நொடியில், பிறர் அறியாதபடி மார்பில் கைவைத்து மனம் வருந்தச் சொல்கிறார் அவர். காலையை மாலையோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

முதல் வாரம் புள்ளிகள் கூடும். கவனம் கூர்மையானதால் இதுவரை காணாததைக் காண்கிறீர்கள், அவ்வளவுதான். இங்கே பயந்து நோட்டை மூடிவைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு வாரம் பொறுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: தரித்துக்கொண்டதைச் செய்த தடவைக்கு ஒரு சிறு சிலுவைக் குறி. புள்ளி குறைவதைவிடக் குறி கூடுவதுதான் நல்ல அடையாளம். புள்ளி ஒன்றுமில்லாமல் குறியும் ஒன்றுமில்லாமல் இருக்கிற வாரம் வெறும் வீட்டின் வாரம்.

சபைச் சீர்திருத்தத் தலைவர் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், நம்மிலுள்ள பழைய ஆதாம் தினந்தோறும் மனஸ்தாபத்தினாலும் மனந்திரும்புதலினாலும் மூழ்கிச் சாகவேண்டும், புதிய மனுஷன் தினந்தோறும் எழும்பவேண்டும் என்று போதித்தார். அந்தத் ‘தினந்தோறும்’ என்ற சொல்லில் ஆறுதல் இருக்கிறது. நேற்று விழுந்ததால் இந்த முறையே பொய்யாகிவிடவில்லை.

கட்டவிழ்க்க ஒருவர்

மரித்து அடக்கம்பண்ணப்பட்ட லாசரு கல்லறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தபோதும் கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டிருந்தன. உயிர்ப்பித்தவர் இயேசு, ஆனால் “இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள்” என்று அருகில் நின்றவர்களிடம் சொன்னார். தன் கட்டைத் தானே அவிழ்க்க அவன் கைகள் காலியாக இல்லை.

உங்கள் பாலினத்தவரான, வாயைக் காக்கத் தெரிந்த, நீங்கள் சொல்வதைக் கேட்டு அதிராத ஒருவரைத் தேடுங்கள். வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், ஒரே கிழமையில். மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25இல் எழுதிய சிறுகுழு விதிகளில் ஒவ்வொரு கூடுகையிலும் கேட்கவேண்டிய கேள்விகளை வைத்தார்: போன சந்திப்புக்குப்பின் தெரிந்து செய்த பாவம் என்ன? என்ன சோதனை வந்தது? எப்படித் தப்பினாய்? பாவமோ இல்லையோ என்று சந்தேகப்படும்படி நினைத்தது, சொன்னது, செய்தது எது? இதே வரிசையில் கேளுங்கள். ‘எப்படி இருக்கீங்க, பிரதர்?’ என்று கேட்டால் ‘கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கேன்’ என்றுதான் பதில் வரும்.

விழும்போது

முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். விழுந்ததும் ‘இனி என்ன, எல்லாம் போச்சு’ என்ற எண்ணம் வரும். ஒரு தடவை விழுந்ததை ஒரு வார வீழ்ச்சியாக்குவது அந்த எண்ணம்தான். அந்த மணி நேரத்துக்குள் மூன்று செய்யுங்கள்: ஒரே வாக்கியத்தில் அறிக்கையிடுங்கள், வாரந்தோறும் சந்திக்கிற அந்த ஒருவருக்கு ‘விழுந்தேன்’ என்று ஒரு சொல் அனுப்புங்கள், வைக்கவேண்டியதை உடனே ஒரு தடவை வையுங்கள். கத்தினீர்களானால் போய் மன்னிப்புக் கேளுங்கள். இயேசுவை மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள், இருவரும் வருந்தினார்கள். யூதாஸ் தனியாகப் போனான். பேதுரு சகோதரர்களோடு இருந்தான், கர்த்தர் அவனை அங்கே வந்து சந்தித்தார். 2 கொரிந்தியர் 7:10 சொல்லும் தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பிரித்தறிய, அந்தத் துக்கம் உங்களை யாரிடம் கொண்டுபோகிறது என்று பாருங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் உறுதி போதவில்லை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் ஒரு வாசல் திறந்திருக்கும், அல்லது மாற்றாக வைத்தது அந்த நேரத்துக்குப் பொருந்தாமல் இருக்கும். சங்கிலியை மறுபடி எழுதிப் பாருங்கள்.

தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் ஜெபித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்துவது உடலுக்கு ஆபத்தாக முடியலாம். நடுக்கம், வலிப்பு, சித்தக்குழப்பம் வரக்கூடும். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள், அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. அதேபோல், அறிக்கையிட்ட பின்னும் ஓயாமல் குற்றமனம் வதைத்து, ஒரே ஜெபத்தை நூறு தடவை சொல்லவைக்கிறது என்றால் இந்தப் புள்ளிக் கணக்கை உடனே நிறுத்திவிடுங்கள். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கணக்கு கூடுதல் சுமை. ஒரே போதகரின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, மனநல மருத்துவரையும் பாருங்கள்.

அடுத்ததற்கு எப்போது போவது? தொடர்ந்து நான்கு வாரம் சிலுவைக் குறிகள் புள்ளிகளைவிட அதிகமாக நின்றால், அதோடு முதலில் கேட்ட அதே வீட்டு ஆள் நீங்கள் கேட்காமலேயே மாற்றத்தைச் சொன்னால், பட்டியலில் இரண்டாவதை எடுக்கலாம். பழைய பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். இரண்டாவதற்குச் சங்கிலி எழுதும்போது அதே களைப்பு, அதே மணி, அதே செல்போன் திரும்ப வரும். அவற்றை எப்படி அடைத்தீர்கள் என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.